புகையிலையை விட்டால் போதுமா, டாக்டர்?

கிராமத்துப் பல் முகாம்களுக்கு வரும் மருத்துவர்களுக்கு, வணக்கம்.

போன வருஷம் எங்கள் ஊர் முகாமில் அம்மாவின் வாயைப் பார்த்த ஒருவர், "புகையிலையை விட்டுடுங்கம்மா, வெறும் வெத்தலை பாக்குன்னா பரவாயில்ல" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அம்மா அன்றே புகையிலையை விட்டார், பாக்கை இரண்டு மடங்காக்கினார். கேட்டால், "டாக்டரே சொல்லிட்டாரு."

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைத்தான் புற்றுநோய்க் காரணி என்றது. 2004இல் வெளியான மதிப்பீட்டில் புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், தனிப் பாக்குமே அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. உங்களுக்குத் தெரியாததா? முகாம் மேசையில் மட்டும் இன்னும் பழைய பேச்சு.

அம்மா நடவுக்குப் போகிறவர். முப்பது வருஷப் பழக்கம். சேற்றில் இறங்குமுன் ஒரு தடவை போட்டால், "உடம்பு கதகதன்னு இருக்கும், பசி தெரியாது, கை ஓடும்" என்பார். பொய்யில்லை. பாக்கிலுள்ள அரெகோலின் என்ற போதைச் சத்து, சுண்ணாம்பு சேர்ந்ததும் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறுகிறது. சூடு, வியர்வை, படபடப்பு, ஒரு சுறுசுறுப்பு. பழகாதவருக்குத் தலை சுற்றும். பாக்கு சொக்கிவிட்டது என்போமே, அதுதான். பழகியவருக்கோ போடாத நாளில் தலைவலி, சிடுசிடுப்பு. அம்மாவுக்கு ஏதோ கோபம் என்று நாங்கள் ஒதுங்கிப்போன நாட்கள் எத்தனையோ! அதனால் வெறுமனே "விடுங்க" என்றால் நடக்காது. எந்த நேரத்தில் போடுகிறார், எதற்காக என்று கேளுங்கள். பசிக்காகப் போடுகிறவருக்கு முதலில் ஒரு சொம்பு கஞ்சி வேண்டும்.

இப்போது புளிக்குழம்பு பட்டாலே அவருக்கு வாய் எரிகிறது. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னேன். இரண்டுதான் போனது. கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகும் இந்த நோய்க்குப் புகையிலையே தேவையில்லை, பாக்கு போதும். இறுகியது பழையபடி இளகுவதில்லை. புற்றுநோயாக மாறவும் கூடும்.

நிச்சய தாம்பூலத் தட்டோடு எனக்குச் சண்டையில்லை, அது தட்டிலேயே இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்கும் இனிப்புப் பாக்கைப் பார்த்தால்தான் வயிறு கலங்குகிறது. முகாமுக்கு வரும் பிள்ளைகளிடமும் பாக்கைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். புகையிலை உண்டா என்றால் இல்லையென்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்த முகாமுக்கும் அம்மாவைக் கூட்டி வருவேன். நான் சொன்னால் கேட்க மாட்டார். போன தடவை சொன்னதை நீங்களே மாற்றிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நடவுக்காரம்மாவின் மகன்