வார்டு உறுப்பினருக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுங்கள்

ஊரக வளர்ச்சி, ஊராட்சித் துறை உயர் அலுவலர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் தெரு போர் மோட்டார் மறுபடியும் எரிந்துபோனது. பெண்கள் குடத்தோடு என் வாசலுக்குத்தான் வந்தார்கள். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவி முடிந்தது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்களுக்குப் பதிலாக ஊராட்சியைக் கவனிக்கப் போட்ட தனி அலுவலரை எங்கே போய்ப் பிடிப்பது? 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 9,624 ஊராட்சிகள், 314 ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு தனி அலுவலர் என்றால், ஒருவர் தலையில் முப்பது ஊர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

பதவியில் இருந்தபோது நீ என்ன கிழித்தாய் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அன்றைக்கும் இதே மோட்டார்தான். பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். எங்கள் ஊரில் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சே கிடையாது. மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கியிருந்தார்கள். பணம் கணக்கில் பத்திரமாக இருந்தது, தெருவில் தண்ணீர் இல்லை. கம்மலை அடகு வைத்து, மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்கு அனுப்பினேன். பில்லை நீட்டியபோது, "உங்கள யாரும்மா செய்யச் சொன்னது?" என்றார் தலைவர். சட்டப்படி அவர் கேட்டதில் தப்பில்லை. கம்மல் மூழ்கிப்போனது.

ஆகவே கேட்கிறேன்: ஒரு வார்டு உறுப்பினர், தன் வார்டின் அவசரப் பழுதுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் வரை, ஊராட்சிப் பணத்திலிருந்து தானே செலவழிக்க வழி செய்யுங்கள். ரசீதை ஊராட்சிக் கூட்டத்தில் வைக்கிறோம், கிராம சபையில் வாசிக்கிறோம். திருடினால் பதவியைப் பறியுங்கள்.

சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்கும் பயிற்சி வகுப்பு நடத்தினீர்கள். அரசியல் சாசனத்தின் 11ஆவது அட்டவணையில் 29 துறைகள் உங்களுக்குரியவை என்று பாடம் எடுத்தார்கள், மதியம் சாம்பார் சாதமும் போட்டார்கள். அந்த 29 துறைக்குச் சொந்தக்காரி ஒரு ஃபியூஸ் கட்டை வாங்கத் தலைவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தாள். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமும் போட்டாயிற்று. வெறுங்கையோடு உட்காரும் நாற்காலி என்றால் பாதி என்ன, முழுவதையுமே தந்துவிடலாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பாக, அந்த ஐயாயிரம் ரூபாய்க்கு ஓர் அரசாணை போடுங்கள். ஆணை வந்தால் நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தலைவர் வீட்டுப் பீரோவுக்குள் போய்விட வேண்டாம்.

பணிவுடன்,
முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருத்தி