எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) என்று கேட்டு வருகிறவர்களுக்காக

அலுவலகங்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசஸர் பழசாக இருக்கக் கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப் போட மனசு வராமல்தான் சின்ன அலுவலகக்காரர்கள் உங்களிடம் வருகிறார்கள். நீங்களோ உங்களுக்குப் பிடித்ததைப் போட்டு அனுப்புகிறீர்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இப்படித்தான். போட்ட டிஸ்ட்ரோவின் பெயர் வேண்டாம், ஓயாமல் புதுப் பதிப்புகள் வந்து இறங்கும் ரகம். சம்பளப் பட்டியல் போடுகிற அன்று காலை, முதல் நாள் அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாகவே நின்றது. போட்டுக் கொடுத்த தம்பி வெளியூரில். கணக்கர் அன்று கையால் எழுதினார்.

லினக்ஸ் மின்ட், அதில் சினமன் என்ற திரைத் தோற்றம் கொண்ட பதிப்பு. என் பரிந்துரை இதுதான், புதுமை ஒன்றுமில்லை. இடது கீழ் மூலையில் மெனு, வலது கீழே கடிகாரம். விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. ஃபெடோராவும் நல்ல டிஸ்ட்ரோதான், நானே வீட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு பதிப்பின் ஆயுள் சுமார் 13 மாதம். ஆண்டுதோறும் அலுவலகத்துக்குப் போய் மேம்படுத்தித் தர உங்களுக்கு நேரம் இருக்கிறதா? மின்ட்டில் கணினியின் நிலையை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டை முதல் நாளே அமைத்துவிட்டால், அப்டேட் கெடுத்தாலும் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ஆனால் டிஸ்ட்ரோ பாதி வேலைதான். தட்டச்சு செய்யும் அக்காவிடம் என்ன விசைப்பலகை என்று கேளுங்கள். தமிழ்99 என்பார், அல்லது பழைய டைப்ரைட்டர் முறை என்பார். இரண்டுமே ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில், எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு வழியாகக் கிடைக்கும். பத்து வருஷக் கடிதங்கள் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துருவை நகலெடுத்துப் போடாவிட்டால் கோப்பைத் திறந்ததும் ஆங்கிலக் கிறுக்கல்தான். எம்எஸ் ஆஃபிஸுக்குப் பதிலான லிப்ரெ ஆஃபிஸில், காலிப்ரி எழுத்துரு இல்லாத குறைக்கு கார்லிட்டோ எழுத்துரு போதும், அதே அகலம் என்பதால் பக்கம் குலையாது. சேமிப்பு வடிவத்தை டாக்எக்ஸ் (எம்எஸ் வேர்டின் வடிவம்) என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சல் போன இடத்திலிருந்தெல்லாம் கோப்பு திறக்கவில்லை என்று போன் வரும்.

டாலி? அது விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள். லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் ஒயினில் ஓட்டிக் காட்டி வீரம் பேசாமல், அதற்கென ஒரு விண்டோஸ் கணினியை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பிரிண்டர். எச்பிக்கு எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு இருக்கிறது, சில மாடலுக்குத் தனி பிளகின் இறக்க வேண்டும். மற்ற பழைய லேசர்களை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். பென்டிரைவிலிருந்து மின்ட்டை லைவாக (நிறுவாமலே) ஓட்டி, அந்த அக்காவையே உட்காரவைத்து, ஒரு பழைய கடிதத்தைத் திறந்து அச்செடுக்கச் சொல்லுங்கள். தாள் சரியாக வந்தால் நிறுவுங்கள். வராவிட்டால் பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு வாருங்கள், அவர் கணினி பழையபடியே இருக்கும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்