சனிக்கிழமை ரோஜர்ஸ் பாஸ்: கிளம்பும் முன் படியுங்கள்

வணக்கம். சனிக்கிழமை நாம் போகும் ரோஜர்ஸ் பாஸ் கனடாவில் உள்ள ஒரு மலைக் கணவாய். ஏப்ரல் வெயில் நமக்கு இதமாக இருக்கும், பனிக்கு ஆகாது: பனி இளகினால் பனிச்சரிவு வரும்.

இரவு வானம் தெளிந்திருந்தால் மேற்பனி இறுகிவிடும். மேகம் மூடியிருந்தால் சரியாக இறுகாது. அதனால் வண்டியை விட்டு இறங்கியதும் பூட்ஸால் மிதித்துப் பாருங்கள். ஈரப்பனியில் கணுக்கால் வரை புதைந்தால், 30 பாகைக்கு மேல் சாய்ந்த எந்தச் சரிவுக்கும் அன்று போக வேண்டாம். இதில் மறுபேச்சே கிடையாது.

வெயில் முதலில் கிழக்குச் சரிவில் விழும், அப்புறம் தெற்கு, மேற்கு. பனி இளகி, உருண்டைகள் தானாக உருள ஆரம்பித்தால், உச்சி பக்கத்தில் தெரிந்தாலும் சரி, திரும்பிவிடுவோம். முகட்டு விளிம்பில் தொங்கும் பனிக்கு அடியில் யாரும் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

1910 மார்ச்சில் இதே கணவாயில், முதல் பனிச்சரிவு மூடிய ரயில் தண்டவாளத்தில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர்கள் மேல் எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இன்னொரு பனிச்சரிவு இறங்கியது. 58 பேர் இறந்தார்கள்.

எந்தப் பகுதிகள் திறந்திருக்கின்றன என்று பார்க்ஸ் கனடா (தேசியப் பூங்கா நிர்வாகம்) அறிவிப்பைப் பார்த்துக் காலையில் இங்கே போடுகிறேன். பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி) மூன்றும் எல்லோரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்தில் நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும். ஒருவருக்குத் தயக்கம் இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.