ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இன்று நேரில் வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் பிரதி வாட்ஸ்அப்பில் வரும். அதையாவது திறந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆடிப்பூர விளக்கு பூஜை, நவராத்திரிக் கச்சேரி, மார்கழி முப்பது நாளும் திருப்பாவை எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போடப்பட்டது.

இனி, இணையவழிக் கூட்டுப் பயிற்சி. இதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்னக் கிருதிகளை ஆராதனையில் சேர்ந்து பாடும் நம் கோஷ்டியில் பாதிப் பேர் இப்போது சென்னையில் இல்லை. பிள்ளைகளோடு கோவை, பெங்களூரு, திருச்சி என்று போய்விட்டார்கள். ஆராதனைக்கு முதல் நாள் ராத்திரி வந்திறங்குவார்கள். மறுநாள் காலையில் முதல் கிருதியான நாட்டையிலேயே சங்கதி (ஒரு வரியை மெருகேற்றிப் பாடும் விதம்) நாலு விதமாகக் கேட்கும். வீடியோ கூட்டத்தில் பயிற்சி வைத்துப் பார்த்தோம். அந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்தவை. இரண்டு பேர் சேர்ந்து வாய் திறந்தால் ஒருவர் குரலை அமுக்கிவிடும். தம்புராவின் சீரான ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். ஸ்ருதியே இல்லாமல் பாடுவதற்கு ஒரு சங்கம் எதற்கு?

அதைவிடப் பெரிய தொல்லை தாமதம். பேசுவதற்கு ஒரு பக்கம் 150 மில்லி விநாடி வரை தாமதம் இருக்கலாம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. சேர்ந்து பாட அது உதவாது. சுமார் 25, 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், இழுத்துக்கொண்டே போகும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்கு 34 செ.மீ. தான் போகிறது. திருவையாற்றுப் பந்தலில் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் குரல் நம் காதுக்கு வர 29 மில்லி விநாடி ஆகிறது. ஆக, கோயம்புத்தூரைப் பத்து மீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் நம் வேலை முடிந்தது. அது நடக்கக்கூடியதுதான். கண்ணாடி இழையில் ஒளி 500 கி.மீ. தூரத்தை இரண்டரை மில்லி விநாடியில் கடந்துவிடும். மிச்சத் தாமதத்தில் பெரும்பகுதி நம் வீடுகளுக்குள்ளேயே உண்டாவது.

இதற்காகத்தான் ஜாமுலஸ் என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபோல்கர் ஃபிஷர் தொடங்கியது, திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), காசு கிடையாது. 2020 ஊரடங்கில் பல நாட்டுப் பாடகர் குழுக்கள் இதில்தான் சேர்ந்து பாடின. ஒலியைச் சில மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்பும். வழியில் ஒரு துண்டு தொலைந்தால் திருப்பிக் கேட்காது, கேட்டு வாங்குவதற்குள் பாட்டு நகர்ந்துவிடும். எல்லோர் குரலையும் கலந்து திருப்பி அனுப்ப ஒரு சர்வர் வேண்டும். அதைச் சென்னையிலேயே வாடகைக்கு எடுத்தேன். “வீண் செலவு” என்று செயற்குழுவில் எழுந்த பேச்சு இதைப் பற்றியதுதான். ஆராதனைக்கு ஒரு நாள் மைக்செட்டுக்குக் கொடுப்பதைவிட இதன் ஓராண்டு வாடகை குறைவு என்பதைப் பதிவு செய்கிறேன்.

அங்கத்தினர்களிடம் கேட்டது நாலே விஷயம். கைப்பேசி வேண்டாம், கணினி. வைஃபை வேண்டாம், ரவுட்டரிலிருந்து லேன் வயர். வயர் வைத்த ஹெட்போன். அப்புறம், தன் குரலையும் சர்வரிலிருந்து திரும்பி வரும்போது கேட்டு, அதற்கே தாளம் போடுவது. சுற்றறிக்கை அனுப்பினேன், போன் செய்தும் சொன்னேன். அதற்குப் பிறகும் ஒருவர் விலை உயர்ந்த ப்ளூடூத் ஹெட்போனோடு உட்கார்ந்தார். ப்ளூடூத் மட்டுமே 100, 200 மில்லி விநாடியைத் தின்றுவிடும். அவர் குரல் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் விழுந்தது. கேட்டால், “சர்வர் சரியில்லை சார்.” இன்னொருவருக்கு முகம் தெரியவில்லை என்று குறை. முகம் பார்க்க மாதாந்தரக் கூட்டத்துக்கு வரலாம், அதற்கும் அவர் வருவதில்லை.

உபதலைவரின் மகள் நியூ ஜெர்சியிலிருந்து சேர ஆசைப்பட்டார். தூரம் 13,000 கி.மீ.க்கு மேல். இழை நேர்க்கோட்டில் போனாலும் ஒரு வழிக்கே 65 மில்லி விநாடி ஆகும், உண்மையில் இழை அப்படிப் போவதும் இல்லை. கேட்கலாம், கூடப் பாட முடியாது என்றேன். ஓரவஞ்சனை என்று ஒரு பேச்சு கிளம்பியதாகக் கேள்வி. ஒளியின் வேகத்தில் செயலாளருக்கு அதிகாரம் இல்லை.

நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மிருதங்க வித்வானும் கோவை, திருச்சி அங்கத்தினர்களும் சொன்னபடி வயர் போட்டு உட்கார்ந்தார்கள். ஜாமுலஸ் திரையில் தாமதத்தைக் காட்டும் விளக்கு பச்சையிலேயே நின்றது. ஸ்ரீராகக் கிருதி தொடக்கம் முதல் முடிவு வரை காலப்பிரமாணம் பிசகாமல் போயிற்று, தம்புராவும் கேட்டது. பதிவு சங்கக் கணினியில் இருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளலாம். ஜனவரியில் ஆராதனை மேடையில் யார் பயிற்சிக்கு வந்தவர், யார் வராதவர் என்பது இரண்டாவது கிருதியான கௌளையிலேயே தெரிந்துவிட்டது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பெயர்களை இங்கே படிப்பது மரியாதை இல்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

கூடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், ஒலிபெருக்கி, பந்தல், பிரசாத உபயதாரர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் திருப்புகழையும் இதே முறையில் பயிற்சி செய்ய எண்ணம். சர்வர் வாடகை ஆடி வரைக்கும் கட்டியிருக்கிறது. அதில் என் கையிலிருந்து போட்டதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை, பொருளாளருக்குத் தெரியும். கடவுச்சொல், அமைப்பு முறை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இளையவர் யாராவது பொறுப்பேற்க முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். வராவிட்டால் நானே பார்த்துக்கொள்கிறேன், ஆனால் ஆவணிக்கு ஒரு வழி சொல்லுங்கள். லேன் வயர் சில சுருள் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறது. சந்தா கட்டிய ரசீதைக் காட்டினால் இலவசம்.

இப்படிக்கு,
கௌரவச் செயலாளர்