பிரஷர் வாஷர் வாங்குனா மட்டும் போதுமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். இப்போ எங்க தெருவுல பாதி வீட்ல கார் கழுவ பிரஷர் வாஷர் வந்தாச்சு, ஞாயித்துக்கிழமை ஆனா செருப்பு கூட போடாம ஈரத்தரையில நின்னு அடிக்கிறாங்க, பக்கத்துலயே சின்னப் பசங்க ஓடுதுங்க, பார்க்கவே பதறுது. கார் டயர்ல இருக்குற காத்தோட பிரஷர் சுமார் 2 பார் (பிரஷரை அளக்குற அளவு) தான், இந்த மெஷின் 100 பாருக்கு மேல தண்ணிய தள்ளும். அதுல ஜீரோ டிகிரி நாசில், அதாவது தண்ணி விரியாம ஒரே கோடா பீச்சுற முனை, பெரும்பாலும் சிவப்பு கலர்ல வரும், அது தோலைக் கிழிச்சுட்டு உள்ள போயிடும். வெளிய சின்ன புள்ளி தான் தெரியும், முதல்ல பெருசா வலிக்காமக் கூட இருக்கலாம், ஆனா அழுக்குத் தண்ணி உள்ள பரவி விரலையே எடுக்குற நிலைமை கூட வரலாம், அதனால மஞ்சள் வச்சு கட்டிட்டு உக்காராம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் தண்ணி உள்ள ஏறிடுச்சுன்னு தெளிவா சொல்லுங்க.

காருக்கு தண்ணிய விசிறி மாதிரி விரிச்சு அடிக்கிற 40 டிகிரி நாசில், ஒரு அடி தள்ளி நின்னு அடிச்சாலே அழுக்கு போயிடும். டயர் பக்கவாட்டுல கிட்ட வச்சு அடிக்காதீங்க, பானெட்ட திறந்து இன்ஜின் மேல வேண்டவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தண்ணியில கிடக்கக்கூடாது, லைன்ல ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச், கட்டாயம் இருக்கணும். ஆஃப் பண்ணாலும் ஹோஸ்ல பிரஷர் நிக்கும், ட்ரிக்கரை அழுத்தி விட்டுட்டு தான் நாசில கழட்டணும். இதையெல்லாம் கம்பெனிக்காரங்க டப்பா மேலயே தமிழ்ல பெருசா அச்சடிச்சு தரணும் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை