லாக் புக்கை நாங்கள் எங்கே போய்த் தேடுவது, ஐயா?

மதிப்பிற்குரிய சுங்க ஆணையர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். 2022 நவம்பரில் பீடி இலை கடத்திய வேனைத் துரத்திப் போன இரவில், ஜீப் கவிழ்ந்து இறந்துபோன ஹவில்தாரின் மகள் எழுதுகிறேன். அப்பா பணியில் இறந்ததற்கான கருணைத் தொகை கேட்கும் எங்கள் கோப்பு எத்தனை முறை வந்து திரும்பியது என்பது உங்களுக்கே தெரியும், அதனால் முதலிலிருந்து சொல்லவில்லை.

போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அப்பா அன்று பணியில்தான் இருந்தார் என்பதற்கு ஜீப்பின் ஓட்டத்தை எழுதிவைக்கும் லாக் புக்கின் நகல் வேண்டுமாம், அதை நாங்களே கொண்டுவர வேண்டுமாம். ஜீப் உங்களுடையது, லாக் புக்கும் உங்களுடையது. நாங்கள் எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் காலையில் அந்த வேன் பிடிபட்டபோது நீங்கள் எழுதிய மகஜரில், அதாவது பறிமுதல் பதிவில், துரத்தும்போது ஜீப் கவிழ்ந்ததும் இருக்கிறது, அப்பா பெயரும் இருக்கிறது. அதை வைத்துத்தான் மூட்டைகளைப் பறிமுதல் செய்து வழக்கு நடத்தினீர்கள். வழக்குக்கு அது பணி என்றால் எங்களுக்கும் அது பணிதானே?

பணியின்போது விபத்தில் இறக்கும் மத்திய அரசு ஊழியரின் குடும்பத்துக்குக் கருணைத் தொகை தருவது 1998-லிருந்தே இருக்கிற ஏற்பாடு. 2016 ஜனவரி முதல் அது 25 லட்சம் ரூபாய். குடும்ப ஓய்வூதியம்தான் வருகிறதே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அது வேறு, இது வேறு.

ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அம்மா எல்லாத் தாள்களையும் மறுபடி ஜெராக்ஸ் எடுக்கிறார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் பிரேதப் பரிசோதனை அறிக்கை எது என்று முத்திரையை வைத்தே தெரியும். அதை மட்டும் கவிழ்த்துத்தான் கடைப் பையனிடம் நீட்டுவார், அவன் எடுத்து முடிக்கும்வரை ரோட்டைப் பார்த்தபடி நிற்பார். இதுவரை ஏழு முறை எடுத்தாகிவிட்டது.

அப்பாவின் அடையாள அட்டையையும் யூனிபார்மையும் ஒப்படைக்கச் சொல்லி வந்த கடிதம் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே வந்துவிட்டது, ஐயா. வாங்கிக்கொள்ளத் தெரிந்த இலாகாவுக்குக் கொடுக்கத் தெரியாதா? கடற்கரையோரம் ராத்திரி முழுக்க நிற்கிற ஹவில்தார்களின் வீடுகளிலும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அப்பா பணியில் இறந்தார் என்ற சான்றில் கையெழுத்திட்டு, கோப்பை இந்த மாதமே மேலே அனுப்புங்கள். லாக் புக்கை உங்கள் ஆட்களை விட்டே எடுக்கச் சொல்லுங்கள். அனுப்பியதும் ஒரு நகலை அம்மா பெயருக்குத் தபாலில் போட்டால் போதும். தயவுசெய்து மறுபடி அவரை நேரில் வரச் சொல்லாதீர்கள்.