ஓகஸ்டிலை எந்தக் கடல்?

திருக்கோணமலை

அன்புள்ள மச்சானுக்கு,

இஞ்சை எல்லாரும் சுகம். நாங்கள் குதிரை எண்டு பட்டம் வைச்சவனும் சுகம், போன கிழமையும் வந்து என்ரை பிளேன்ரீயைக் குடிச்சுப்போட்டு உன்னைத்தான் திட்டினவன். மிச்ச நலம் விசாரிப்பை நேரிலை வைப்பம்.

நீ லண்டனிலையிருந்து அனுப்பின ஹோட்டல் விளம்பரத்தைப் பாத்தன். ஓகஸ்ட் மாசம், ஹிக்கடுவை, கடல் தெரியிற அறை, அரைவாசிக் கழிவு. ஏன் கழிவு எண்டு யோசிச்சியோ? கணக்கிலை எங்கள் எல்லாரையும் விட முன்னுக்கு நிண்ட ஆள் நீ. மே தொடக்கம் செப்ரெம்பர் மட்டும் தென்மேற்குப் பருவக்காத்து அந்தக் கரையிலை நேராப் போய் மோதும். பெந்தோட்டை, உனவட்டுன, மிரிச எல்லாம் அப்ப சிவப்புக்கொடிதான். ஹிக்கடுவையிலை பவளப்பார் மறைச்ச மூலை ஒண்டு இருக்கு, ஆனால் அந்த மாசங்களிலை தண்ணி கலங்கி இருக்கும். பிள்ளையள் பத்து நாளும் பல்கனியிலை நிண்டு அலையை எண்ணவேண்டியதுதான். டிசம்பரிலை வாறாய் எண்டால் நானே அங்கை போகச் சொல்லுவன்.

ஓகஸ்டுக்குக் கிழக்கு. மழை மலைநாட்டிலை கொட்டித் தீந்துபோடும், எங்கடை பக்கம் வாறது காய்ஞ்ச காத்து மட்டும்தான். ஏப்ரல் கடைசியிலையிருந்து செப்ரெம்பர் மட்டும் கடல் படுத்திருக்கும். ஒக்ரோபரிலை வாடை தொடங்கினால் ஜனவரி மட்டும் இஞ்சை ஒருத்தரும் குளிக்க இறங்காயினம்.

கிழக்கெண்டாலும் எல்லாம் ஒரே கடல் இல்லை. அறுகம்பேயை இப்பவே வெட்டிவிடு. அது அலைச்சறுக்குக்காரரின்ரை இடம், உன்ரை ஆறு வயசுக்காரிக்கு அங்கை ஒரு வேலையும் இல்லை. உனக்குச் சரிவாறது இரண்டு: பாசிக்குடா, நிலாவெளி. மட்டக்களப்பிலையிருந்து வடக்கே முப்பத்தைஞ்சு கிலோமீற்றர் அளவிலை பாசிக்குடா. குடாவுக்கு வெளியாலை பார் இருக்கிறதாலை அலை உள்ளுக்கு வராது, தரை மெல்லமாத்தான் சரியும். கரையிலையிருந்து கன தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்பளவுதான். முழங்கால் நோவோடை வாற உன்ரை அம்மாவும் பயமில்லாமல் இறங்கலாம். பக்கத்திலை இருக்கிற கல்குடாவை ஆராவது அதே கடல்தான் எண்டு சொன்னால் நம்பாதை. அது திறந்த கரை.

நிலாவெளி திருமலை ரவுணிலையிருந்து பதினைஞ்சு கிலோமீற்றர் அளவு வடக்கே. நீளமான கரை, வெள்ளை மணல், முன்னாலை புறாத்தீவு. பெரியவனுக்கு மீன் பாக்க வேணுமெண்டால் இதுதான். ஆனால் இஞ்சை தரை எல்லா இடமும் ஒரேமாதிரி இல்லை. மாரிக் கடல் வருசா வருசம் மணலை இடம் மாத்திப்போடும். போன வருசம் ஆழமில்லாமல் இருந்த இடம் இந்த வருசமும் அப்பிடித்தான் எண்டில்லை. முதல்நாள் நீ தனிய இறங்கி, பத்து மீற்றர் இடப்பக்கம் பத்து மீற்றர் வலப்பக்கம் நடந்து பாத்துப்போட்டுத்தான் பிள்ளையளை விடு. என்னட்டைக் கேட்டால் பாசிக்குடாவிலை நாலு இரவு, நிலாவெளியிலை மூண்டு இரவு. இரண்டுக்கும் இடையிலை வாகரை, வெருகல், மூதூர் பக்கத்துக் கரைறோட்டு, நூறு கிலோமீற்றர் சொச்சம்.

இனித்தான் நான் எழுத வந்த விசயம். நீ அனுப்பின படத்திலை உன்ரை மகள் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிற, காத்து ஊதி மிதக்கவிடுற அந்த ரோஸ் நிறக் கொக்கு. அதை லண்டனிலையே விட்டிட்டு வா.

சிரிக்காதை. ஜூன், ஜூலை, ஓகஸ்டிலை இஞ்சை அடிக்கிறது கச்சான் காத்து. அது தரையிலையிருந்து கடலுக்குப் போற காத்து. அதாலைதான் கரையோரம் தண்ணி அப்பிடி மினுமினுப்பா, அலையே இல்லாமல் தெரியும். புதுசா வாற தேப்பன்மாருக்கு "ஆகா, குளம் மாதிரி இருக்கு" எண்டு தோண்டுறதும் அதாலைதான். அந்தக் காத்துக்கு ஊதின சாமான் எல்லாம் பாய்மரம்தான். செக்கனுக்கு அரை மீற்றர் எண்டு வை. நீ போனிலை ஒரு மெசேஜ் வாசிச்சு முடிக்கிற மூண்டு நிமிசத்திலை பிள்ளை தொண்ணூறு மீற்றர் போயிடும். வெளியாலை போகப் போகக் கரையின்ரை மறைப்புக் குறைஞ்சு காத்துக் கூடும், கொக்கின்ரை வேகமும் கூடும். பிள்ளைக்குப் பயம் வரும், இறங்கப் பாக்கும், அங்கை கால் எட்டாது. பின்னாலை நீந்திப் போற தேப்பன் இன்னும் மோசம். போகேக்கை காத்து முதுகிலை, திரும்பேக்கை முகத்திலை. கொக்குப் போனால் போகட்டும், பிள்ளையை மட்டும் பிடி எண்டு சொல்லுறது லேசு. அந்தரத்திலை ஆருக்கும் அது ஞாபகம் வராது.

எனக்குத் தெரியும், அவள் அழுவாள். கொண்டுவந்தே தீரவேணுமெண்டால் ஹோட்டல் பூலுக்கு மட்டும் எண்டு பிளேனிலையே சொல்லிப்போடு. கடலுக்கு ரியூப், மெத்தை, கையிலை கொழுவிற ஊதுபட்டி ஒண்டும் வேண்டாம். நெஞ்சைக் கட்டுற உயிர்காப்புச் சட்டை ஒண்டு அங்கையே வாங்கு. இஞ்சை போட்காரரிட்டைப் பெரியாக்களின்ரை அளவு இருக்கும், சின்னாக்களின்ரை அளவு கிடைக்கும் எண்டு நம்பேலாது. வயசைப் பாத்து வாங்காதை, நிறையைப் பாத்து வாங்கு. கவட்டுக்குள்ளாலை வாற வார் இருக்கவேணும். போட்டு இறுக்கின பிறகு இரண்டு தோளிலையும் பிடிச்சு மேலை தூக்கிப் பார். சட்டை காதுமட்டும் ஏறினால் அது பெரிசு, தண்ணிக்குள்ளை பிள்ளை கீழாலை நழுவிப்போகும். நீச்சலுடுப்பு செம்மஞ்சள் இல்லாட்டிக் கண்ணைக் குத்திற ரோஸ் நிறம். நீலமும் வெள்ளையும் தண்ணிக்குள்ளை மறைஞ்சிடும். மனுசி நேவி நீலம் வடிவெண்டு சொல்லுவா, நீ வாயைத் திறந்து மறு.

தண்ணியிலை தாழுறது சத்தம் இல்லாத வேலை மச்சான். கை தட்டி, கத்திக் கூப்பிடுறதெல்லாம் படத்திலைதான். வாய் தண்ணி மட்டத்திலை, தலை பின்னுக்குச் சரிஞ்சு, ஏணி ஏறிறமாதிரிக் கை, ஒரு நிமிசத்துக்குள்ளை முடிஞ்சிடும். நாலு பெரியாக்கள் கரையிலை இருந்தால், மற்றவர் பாக்கினம் எண்டு நாலு பேருமே பாக்கமாட்டினம். அதாலை முறை வையுங்கோ. ஒராள் இருபது நிமிசம், போன் பைக்குள்ளை, கண் தண்ணியிலை. மாறேக்கை "இனி நீ" எண்டு வாயாலை சொல்லவேணும். நீச்சல் தெரியாத சின்னவள் தண்ணிக்குள்ளை நிக்கேக்கை அந்தாள் கை நீட்டினால் தொடுற தூரத்திலை. உன்ரை முறையிலை பியர் இல்லை. பௌர்ணமிக்குப் போயா, அண்டைக்கு நாடு முழுக்கவே ஒண்டும் விக்கமாட்டினம், ஆகையாலை அண்டைக்கு முழுநாளும் உன்னையே காவலுக்கு வைக்கச் சொல்லி தங்கச்சியிட்டைச் சொல்லுறன்.

உனக்கு நீச்சல் தெரியுமெண்ட பெருமையும் வேண்டாம். இரண்டு பக்கமும் அலை உடைஞ்சு வெள்ளையா நுரைக்க, நடுவிலை உடையாமல் கொஞ்சம் கறுப்பா ஒரு ஒழுங்கை தெரிஞ்சால், தண்ணி வெளியாலை போற வழி அது. அதுக்குள்ளை அம்பிட்டால் கரையைப் பாத்து நீந்தாதை, களைச்சுப்போவாய். மிதந்துகொண்டு பக்கவாட்டிலை விலகு, இழுவை விட்ட பிறகு அலையோடை வா. கடல் வழமையில்லாமல் உள்வாங்கினாலோ, நிலம் நடுங்கினாலோ ஆரையும் கேளாமல் மேட்டுப்பக்கம் ஓடு. 2004க்குப் பிறகு இதை உனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஹோட்டலிலை போய் இறங்கினவுடனை உள்ளுக்குப் போற றோட்டு எது எண்டு மட்டும் பாத்துவை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம். திருமலைக்கு ஓகஸ்ட் கடைசியிலை மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலை. குடை பிடிச்சாலும் மணலும் தண்ணியும் கீழையிருந்து அடிக்கும். கடல் காலமை ஆறரையிலையிருந்து ஒன்பதரை, பிறகு பின்னேரம் நாலுக்குப் பிறகு. இடையிலை படுங்கோ. சூரியக் கிறீம் ஒரு பெரியாளுக்கு ஒருக்காப் பூச முப்பது மில்லிலீற்றர் வேணும், நூறு மில்லி போத்தல் மூண்டு தரத்தோடை முடிஞ்சிடும். எல்லாரும் பூசுறது அதிலை காவாசிதான், பிறகு "கிறீம் சரியில்லை" எண்டுவினம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காவும், துவாயாலை துடைச்ச பிறகும் திரும்பப் பூசவேணும். நீட்டுக்கை நீச்சல் சட்டை போட்டால் கிறீமிலை அரைவாசி மிச்சம். இஞ்சை கிறீம் விலை, அங்கையிருந்து கொண்டுவா.

புறாத்தீவுக்கு ஒரு காலமை போதும். 2003இலை தேசியப் பூங்காவாக்கின இடம், ரிக்கெட் வனசீவராசிகள் திணைக்களத்தின்ரை. வெளிநாட்டாருக்கு வேறை விலை, இலங்கையருக்கு வேறை விலை. உன்னட்டை இரட்டைக் குடியுரிமைப் பத்திரமோ அடையாள அட்டையோ இருந்தால் கையிலை வை. போட் காசு ரிக்கெட்டுக்குள்ளை இல்லை, அது போட்டுக்கு எண்டு தனி. ஏறமுன்னமே மூண்டு கேள்வி: மொத்தம் எவ்வளவு, எத்தினை மணிக்குத் திரும்ப ஏத்துவியள், கண்ணாடியும் குழாயும் சேத்தோ. முதல் போட்டிலை போ. பிந்தினால் சனம், கலங்கல். கரையிலை மணலுக்குப் பதிலா உடைஞ்ச பவளம், வெறுங்காலோடை நடக்கேலாது, ரப்பர் சப்பாத்து எல்லாருக்கும். கறுப்புச் செட்டை முனைச் சுறாக்கள் ஆழமில்லாத தண்ணியிலை சுத்தும், ஆளைக் கண்டால் அதுகள்தான் விலகும். பெரியவனுக்கு முன்னமே சொல்லிவை, இல்லாட்டி அவன் குழாய்க்குள்ளாலை கத்தித் தண்ணி குடிப்பான். பவளத்திலை ஏறி நிக்கவும் கூடாது, துண்டு பொறுக்கவும் கூடாது, அது சட்டப்படி குற்றம்.

முகக்கண்ணாடியை வார் போடாமல் முகத்திலை வைச்சு மூக்காலை இழு. விழாமல் நிண்டால் அளவு சரி. புதுசெண்டால் உள்பக்கம் பற்பசை போட்டுத் தேய்ச்சுக் கழுவு, இல்லாட்டிப் பனி பிடிச்சுக்கொண்டே இருக்கும். மீசைக்குக் கீழாலை தண்ணி ஒழுகும் மச்சான். ஒண்டில் மீன், ஒண்டில் மீசை. இதிலை குதிரையைப் பின்பற்றாதை.

மருந்துப் பையிலை ஜீவனி பக்கெட் (வயித்தாலை போனால் தண்ணியிலை கரைச்சுக் குடிக்கிறது), சின்னச் சாமணம், பிளாஸ்ரர், நுளம்புப் பூச்சு. டெங்கு நுளம்பு பகலிலைதான் குத்தும், காலமையும் பின்னேரமும் பூசு. சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் நல்ல தண்ணியாலை கழுவாதை, மணலாலை தேய்க்காதை. கடல்தண்ணியாலை கழுவி, ஒட்டினதைச் சாமணத்தாலை எடுத்து, பிறகு தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணியிலை இருபது நிமிசம் வை. திருக்கைமுள் குத்தினாலும் சூட்டுத் தண்ணிதான், ஆனால் ஆஸ்பத்திரிக்கும் போகவேணும். அம்புலன்ஸ் 1990, காசில்லை. பொலிஸ் 119.

ஹோட்டலுக்கு எழுதேக்கை படத்தைப் பாத்து மயங்காமல் இதுகளைக் கேள்: உயிர்காப்பாளர் எத்தினை மணியிலையிருந்து எத்தினை மணி மட்டும், பூலின்ரை ஆழம் குறைஞ்ச பக்கம் எவ்வளவு, அறை வாசல் நேராப் பூலுக்குத் திறக்குதோ, கரண்ட் போனால் ஜெனரேற்றர் ஏசிக்கும் ஓடுமோ. மூண்டாவது கேள்வி முக்கியம். வந்த முதல் பின்னேரம் நீங்கள் இரண்டுபேரும் அடிச்சுப்போட்டமாதிரி நித்திரை, பிள்ளையள் முழிப்பு. அங்கத்தை நேரத்தை விட நாங்கள் நாலரை மணித்தியாலம் முன்னுக்கு. இஞ்சத்தைக் காலமை ஆறு எண்டால் அவையின்ரை உடம்புக்கு நடுச்சாமம் ஒண்டரை. ஆனபடியாலை முதல் இரண்டு காலமையும் கடலுக்குக் கணக்கு வைக்காதை. கட்டுநாயக்காவிலையிருந்து நேரா ஹபரணையிலை வந்து தங்கு. அடுத்த நாள் பின்னேரம் மின்னேரியாவிலை யானை பாருங்கோ, ஜூலையிலையிருந்து செப்ரெம்பர் மட்டும் குளக்கரையிலை கூட்டங் கூட்டமா வரும். பிறகு பாசிக்குடா, கடைசியா நிலாவெளி, அதுக்குப் பிறகு நல்லூர்த் தேருக்கு யாழ்ப்பாணம். இருட்டினாப் பிறகு ஹபரணை கந்தளாய் றோட்டிலை ஓடாதை, யானை றோட்டிலை நிக்கும். பகலெண்டால் கந்தளாயிலை நிப்பாட்டிச் சட்டித் தயிர் வாங்கலாம்.

வானை நான் பிடிச்சுத் தாறன். கன வானிலை பின்சீற்றுக்குப் பட்டி இல்லை, இருக்கிறது வேணுமெண்டு சொல்லியே பிடிக்கவேணும். பிள்ளையின்ரை இருக்கையை அங்கையிருந்து கொண்டுவா, இஞ்சை வாடகைக்கு எடுக்கிறது கரைச்சல். பிளேன் இலக்கம், பெட்டி எத்தினை, அம்மாவுக்கு முன்சீற் வேணுமோ எண்டு எழுது. தங்கச்சிக்கும் பிள்ளையளுக்கும் என்ரை அன்பு.

உன்ரை,
வாத்தி